மழை மாதத்தில் மாமல்லபுரம்: உத்திரமேரூரிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு 28 குறிப்புகள்

உத்திரமேரூரிலிருந்து மாமல்லபுரம் சுமார் 60 கிலோமீட்டர். கோடை விடுமுறையில் போனால் வண்டி நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும். லாட்ஜ்காரர் சொன்னதுதான் வாடகை. மழை மாதங்களில் இது தலைகீழ். கூட்டம் குறைவு, வாடகை இறங்கும், வெயில் மண்டையைப் பிளக்காது. ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோரும் முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும்: மழைக்காலக் கடல் குளிக்க ஏற்றதல்ல, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஏற்றது. தள்ளிப்போடவும் தயாராக இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் சம்மதம் என்றால் மீதியெல்லாம் ஏற்பாடுதான்.

எப்போது போவது

1. இரண்டு மழைக்காலத்தையும் பிரித்துப் பாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அது கேரளத்தில் கொட்டித் தீர்க்கும். நம் பக்கத்தில் மேற்கே இடி திரண்டு, சாயங்காலமோ ராத்திரியோ சற்று நேரம் அடித்துவிட்டு ஓய்ந்துவிடும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கி டிசம்பர் வரை நீளும். கடலிலிருந்து ஏறி வருவதால் கரையைத்தான் முதலில் பிடிக்கும். ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று பெரியவர்கள் சொல்வது இந்தக் கரைக்கு அப்படியே பொருந்தும். மழைக்காலப் பயணம் புதிது என்றால் ஆடி, ஆவணி, புரட்டாசியில் ஆரம்பியுங்கள். பழகியவர்கள் ஐப்பசிக்கும் கார்த்திகைக்கும் போகலாம்.

2. மாதத்தைப் பார்த்து நேரத்தை முடிவு செய்யுங்கள். ஆடி முதல் புரட்டாசி வரை காலை நேரம் கடற்கரைக்கு. நாலு மணிக்கு மேல் மேற்கே கறுத்தால் அறைக்குத் திரும்பிவிடலாம். ஐப்பசி, கார்த்திகையில் கதையே வேறு. கடலோரத்தில் மழை பெரும்பாலும் நள்ளிரவிலும் விடியற்காலையிலும் வலுக்கும், பகல் ஏறினால் இடைவெளி கொடுக்கும். அந்த மாதங்களில் ‘விடிய நாலு மணிக்குக் கிளம்பிடலாம்’ என்று திட்டம் போடாதீர்கள். சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு ஒன்பது, பத்து மணிக்குக் கிளம்பினால் போதும்.

3. மழைக்காலத்துக்குள்ளும் கூட்ட நாட்கள் உண்டு. தீபாவளியை ஒட்டிய சனி ஞாயிறு, அரையாண்டுத் தேர்வு விடுமுறை, கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை வாடகை கோடைக்குச் சமமாக ஏறிவிடும். பொங்கலுக்கு, அதிலும் காணும் பொங்கலன்று, கடற்கரைப் பக்கமே போக வேண்டாம். செவ்வாய் முதல் வியாழன் வரை அமைதியான நாட்கள். டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி வரை நடக்கும் மாமல்லபுரம் நாட்டிய விழாவைப் பார்க்க ஆசை என்றால், கூட்டத்தையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டு போங்கள்.

4. பௌர்ணமியை ஒட்டி நாள் பார்க்கலாம். கிழக்குக் கரையில் சூரியன் கடலில் மறைவதில்லை. ஆனால் பௌர்ணமியன்று சாயங்காலம் நிலா கடலிலிருந்துதான் கிளம்பும். மேகம் விலகினால் அன்றைக்கு வேறு எதுவும் பார்க்க வேண்டியதில்லை. அதே சமயம் பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் கடல் ஏற்றம் கூடுதல். மழைக்காலத்தில் மணல் அரித்துக் கரையும் குறுகிவிடும். பாயையும் பையையும் வழக்கத்தைவிடப் பத்தடி உள்ளே தள்ளி வையுங்கள்.

5. வயல் இருக்கிற வீடு என்றால் பயிரின் நாளைப் பார்த்துத்தான் பயண நாள். சம்பா நடவு முடிந்து முதல் களையும் எடுத்து மேலுரம் போட்ட பிறகு சில நாட்கள் கை ஓயும். அதுதான் நல்ல சமயம். ஆனால் ராத்திரியில் மழை வலுத்தால் மடையைத் திறந்து தண்ணீரை வடிக்க ஊரில் ஒரு கை வேண்டும். பக்கத்து வயல்காரரிடம் சொல்லி, எந்த மடை எங்கே என்று நேரில் காட்டிவிட்டுப் போங்கள். போனில் விளக்கினால் வெட்டக் கூடாத வரப்பைத்தான் வெட்டுவார்கள்.

வானிலையைப் படிப்பது

6. எந்த மாவட்டத்து எச்சரிக்கை என்று பார்த்துப் படியுங்கள். 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு மாவட்டம் தனியாகப் பிரிந்தபோது மாமல்லபுரம் அந்தப் பக்கம் போய்விட்டது. எனவே கடற்கரைக்குச் செங்கல்பட்டு மாவட்ட எச்சரிக்கையையும், வீட்டுக்கும் வயலுக்கும் காஞ்சிபுரம் மாவட்ட எச்சரிக்கையையும் பார்க்க வேண்டும். பல நாட்களில் இரண்டும் ஒன்றாக இருக்காது.

7. நிறத்துக்கு ஒரு முடிவு என்று முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் என்றால் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 7 முதல் 11 செ.மீ. வரை கனமழை. ஆரஞ்சு என்றால் 12 முதல் 20 செ.மீ. வரை மிக கனமழை. சிவப்பு என்றால் அதற்கும் மேல், அதி கனமழை. மஞ்சளுக்கு எச்சரிக்கையோடு போகலாம், ஆரஞ்சுக்குத் தள்ளிப்போடலாம், சிவப்புக்கு வாசலைத் தாண்டக் கூடாது. முன்பே பேசி வைத்துவிட்டால் கிளம்பும் நாளன்று ‘இதெல்லாம் ஒரு மழையா’ என்று வீட்டில் வாக்குவாதம் வராது.

8. ‘வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி’ என்று செய்தியில் கேட்டதுமே பயணத்தை நிறுத்திவைத்துவிட்டுக் கவனியுங்கள். அது எங்கே கரையேறும் என்பது கடைசி நாள் வரை மாறிக்கொண்டே இருக்கும். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது அங்கே ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. புயல் போன மறுநாளே ‘வெயில் வந்திருச்சு’ என்று கிளம்ப வேண்டாம். கடல் அடங்கவும் சாலையில் விழுந்த மரம் அகற்றவும் இரண்டு நாளாவது பிடிக்கும்.

9. போனில் சில ஏற்பாடுகள். தமிழ்நாடு அரசின் ‘டிஎன் அலர்ட்’ செயலி மழை எச்சரிக்கைக்கு. ‘தாமினி’ செயலி சுற்றுவட்டாரத்தில் மின்னல் விழுவதைக் காட்டுவதற்கு. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. இந்த எண்களைப் பிள்ளைகளின் போனிலும் பதிந்து கொடுங்கள். ஹைதராபாத்தில் உள்ள ‘இன்காய்ஸ்’ நிறுவனம் பேரலை எச்சரிக்கை தருகிறது. மழையே இல்லாமல் தொலைதூரக் கடலிலிருந்து அலை மட்டும் பெருகி வருவதுண்டு. கள்ளக்கடல் என்பது அதுதான். வானம் தெளிவாக இருந்தாலும் அந்த எச்சரிக்கை உள்ள நாளில் தண்ணீரோரம் போகக் கூடாது.

தங்குமிடம்

10. வாடகையைப் போனில் பேசுங்கள், நேரடியாக லாட்ஜுக்கே. முன்பதிவுச் செயலியில் காட்டும் தொகையைக் குறித்துக்கொண்டு பிறகு கூப்பிடலாம். ‘அண்ணா, புதன் வியாழன் ரெண்டு நாள், நாங்க நாலு பேரு. ஆப்ல இந்த ரேட்டு காட்டுது. நேர்ல வந்தா எவ்ளோ போட்டுத் தருவீங்க?’ என்று கேட்டால் மழை மாதத்தில் பெரும்பாலும் குறையும். குறையாவிட்டால், ‘சரிண்ணா, காலை டிபன் சேர்த்துக்குங்க, செக்-அவுட்டை மத்தியானம் ரெண்டு மணின்னு வெச்சுக்கலாம்’ என்று கேளுங்கள். காலியாகக் கிடக்கிற அறைக்கு அவர்களும் மறுப்பது அபூர்வம்.

11. பணம் கட்டுமுன் அறையைப் பாருங்கள். கதவைத் திறந்ததும் மூச்சை இழுத்துப் பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தால் வேறு அறை கேளுங்கள். ஜன்னலுக்குக் கீழே சுவரில் உள்ளங்கையை வைத்தால் ஈரம் தெரியும். மெத்தை விரிப்பை ஒரு மூலையில் தூக்கிவிட்டு அடிமெத்தையைத் தொடுங்கள். கூரை மூலையில் பழுப்பு வளையம் இருந்தால் அங்கே ஒழுகியிருக்கிறது என்று அர்த்தம். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுச் சாக்கடைத் துவாரத்தில் தண்ணீர் இறங்குகிறதா என்று பாருங்கள். கடைசியாக ஜன்னல் கொக்கி. வாடைக்காற்று அடிக்கும் ராத்திரியில் கொக்கி இல்லாத ஜன்னல் விடிய விடிய அடித்துக்கொள்ளும்.

12. முதல் மாடி, தாழ்வாரம் உள்ள அறை, ஜெனரேட்டர் இந்த மூன்றையும் கேளுங்கள். தரைத்தளத்தில் மழைத் தண்ணீரும் கொசுவும் நுழையும். மேல்தளத்துக்கு மேலே மொட்டை மாடி என்றால் ஒழுகல் பயம். கடலைப் பார்த்த தாழ்வாரம் இருந்தால் மழை நாளெல்லாம் அங்கேயே ஓடிவிடும். பெரியவர்களை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தால் போதும். ‘ஜெனரேட்டர் இருக்கு’ என்றால் அது அறைக்கு உள்ளேயும் ஓடுமா, வரவேற்பறைக்கு மட்டுமா என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டுவிடுங்கள்.

13. முன்பணத்தைக் குறைவாகக் கட்டுங்கள்; நிபந்தனையை எழுத்தில் வாங்குங்கள். ‘ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை வந்தால் தேதி மாற்றித் தரப்படும்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும். பணத்தைத் திருப்பித் தரத் தயங்குகிறவர்கள்கூடத் தேதி மாற்றத்துக்குச் சம்மதிப்பார்கள். பில்லையும் பாருங்கள். நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான், முன்பு 12. பழைய கணக்கில் பில் வந்தால் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

வீட்டைப் பூட்டும் முன்

14. மாடிக்கு ஏறிப் பாருங்கள். வேப்பிலைச் சருகு மழைநீர்க் குழாயை அடைத்திருந்தால் ஒரே ராத்திரியில் மாடியில் குளம் கட்டும். ஓட்டு வீடு என்றால் நகர்ந்த ஓடுகளைச் சரிசெய்து, ஒழுகும் இடத்துக்குக் கீழே அகலமான பாத்திரம் வையுங்கள். மோட்டார், மிக்ஸி, டிவி பிளக்குகளைப் பிடுங்கிவிடுங்கள். ஃபிரிட்ஜை ஓடவிட்டுப் போகிறவர்கள் பாலையும் மீனையும் முதல் நாளே காலி செய்துவிட வேண்டும். மின்தடை நீண்டால் வாடை தெருவரை வரும். மின்சாரப் புகாருக்கு மின்னகம் எண் 94987 94987.

15. நெல் மூட்டை, விதை, உரம் எல்லாம் தரையிலிருந்து ஒரு முழமாவது உயரத்தில் இருக்கட்டும். செங்கல் அடுக்கிப் பலகை போட்டு அதன்மேல் ஏற்றுங்கள். சுவரை ஒட்டி வைக்காமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். பட்டா, பாஸ்புக், ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ்களை ஒரு தடித்த பாலித்தீன் உறையில் போட்டுப் பரணில் வைத்துவிட்டால், எந்தச் செய்தியைக் கேட்டாலும் பதற வேண்டியதில்லை.

16. மாடு, கோழிக்கு முன்கூட்டியே ஆள் சொல்லிவிடுங்கள். ‘அக்கா, ரெண்டு நாள் ஊர்ல இருக்க மாட்டோம். காலைல கறந்து பாலை நீங்களே எடுத்துக்குங்க, வைக்கோலுக்கு மேல தார்ப்பாய் போட்டிருக்கேன்’ என்று கணக்கைத் தெளிவாகப் பேசிவிட்டால் திரும்பி வந்ததும் மனத்தாங்கல் இருக்காது. நனைந்த வைக்கோலும் பூஞ்சை பிடித்த தவிடும் மாட்டுக்கு ஆகாது என்பதால் தீவனத்தை எடுத்துத் தனியாகக் காட்டிவிட்டுப் போங்கள்.

மூட்டை கட்டுதல்

17. சீக்கிரம் காய்கிற துணியாக எடுங்கள். தடித்த பருத்தியும் ஜீன்ஸும் மழைக்காலத்தில் இரண்டு நாளானாலும் காயாது. மெல்லிய பருத்தி, பாலியஸ்டர் கலந்த துணி நல்லது. பட்டுப் புடவை வேண்டவே வேண்டாம். கடற்காற்றின் உப்பும் ஈரமும் சேர்ந்தால் வெள்ளிச் சரிகை கறுத்துவிடும், காஞ்சிபுரத்து ஜனங்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆளுக்கு ஒரு துண்டு கூடுதலாக, துணி காயப்போட ஒரு நைலான் கயிறு, பத்துக் கிளிப்புகள். குடையைவிட மழைக்கோட்டு உத்தமம். கடலோரக் காற்றில் குடை மேல்பக்கமாக மடங்கிவிடும்.

18. ஈரத்தையும் காய்ந்ததையும் பிரித்து வைக்க ஜிப் வைத்த பாலித்தீன் உறைகள் நான்கைந்து எடுத்துக்கொள்ளுங்கள். புதுச் செருப்பு டப்பா, கைப்பையில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வருடம் முழுக்கச் சேர்த்து வைத்தால் இந்தச் சமயத்தில் கேமராவுக்கும் மருந்துப் பைக்கும் உதவும். போன் நனைந்தால் அரிசிக்குள் புதைக்காதீர்கள். அரிசி மாவும் தூசும் துவாரத்தில் ஏறும். உடனே அணைத்து, துடைத்து, மின்விசிறிக் காற்றில் வையுங்கள். நன்றாகக் காயும்வரை சார்ஜ் போடக் கூடாது. நனைந்த ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைச் சுருட்டி அடைத்தால் காலைக்குள் ஈரத்தை இழுத்துவிடும்.

19. மருந்துப் பை: வழக்கமான மாத்திரைகள் இரண்டு நாள் கூடுதலாக, காய்ச்சல் மாத்திரை, ஓஆர்எஸ் பொட்டலம், காயத்துக்கு மருந்தும் பிளாஸ்திரியும், கொசு விரட்டும் களிம்பு. காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. எலிக்காய்ச்சல் பரவுகிற வழி அதுதான். சுக்கு, மிளகு, திப்பிலி, கொத்தமல்லி விதையை வறுத்துப் பொடித்து ஒரு சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டால் சுடுதண்ணீர் கிடைக்கிற இடத்திலெல்லாம் சுக்குக் காபிதான்.

20. கட்டுச்சோற்றுக்கு மழைக்கால விதி வேறு. தேங்காய்ச் சட்னி, தயிர்சாதம், உருளைக்கிழங்கு மசியல் ஈரக்காற்றில் சீக்கிரம் கெடும். நல்லெண்ணெய் தாராளமாக விட்ட புளிக்காய்ச்சலைத் தனியாகவும் சோற்றைத் தனியாகவும் எடுத்துப்போய் அங்கே கலப்பது நல்லது. நம் காஞ்சிபுரம் இட்லி பயணத்துக்கு நன்றாகத் தாங்கும்: மிளகு, சீரகம், சுக்கு சேர்த்து, மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் வேகவைப்பது. முறுக்கு, தட்டையை எவர்சில்வர் டப்பாவில் மூடி வையுங்கள். கடலோரத்தில் திறந்து வைத்தால் அரை மணியில் நமத்துப்போகும்.

வழி

21. இரண்டு வழிகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று: புக்கத்துறை கூட்டு ரோடு வந்து ஜிஎஸ்டி சாலை ஏறி, மாமண்டூர் பாலாற்றுப் பாலம் தாண்டிச் செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம். இன்னொன்று: மதுராந்தகம், செய்யூர் வழியாக இசிஆர் சாலை பிடித்துக் கடப்பாக்கம், ஆலம்பரைக் கோட்டைப் பக்கம். கூட்டமே வேண்டாம் என்கிறவர்களுக்கு இரண்டாவது வழியே போதும். முதலியார்குப்பம் படகுத்துறையும் அந்தப் பக்கம்தான். ஆனால் அங்கே தங்கும் அறைகள் குறைவு, படகும் வானிலையைப் பொறுத்தது. கேட்டுவிட்டுப் போங்கள்.

22. பேருந்தில் போகிறவர்கள் செங்கல்பட்டில் மாறினால் போதும். பெண்களுக்கு நகரப் பேருந்துகளில் கட்டணம் இல்லை. புறநகர், விரைவுப் பேருந்துகளுக்கு அது பொருந்தாது என்பதால் ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பும்போது கடைசி வண்டியை நம்ப வேண்டாம். மழை நாளில் செங்கல்பட்டிலிருந்து உத்திரமேரூருக்கு வண்டி தாமதமாகும், சில நடை ரத்தும் ஆகும். வெளிச்சம் இருக்கும்போதே செங்கல்பட்டைத் தாண்டிவிடுவது புத்திசாலித்தனம்.

23. தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் வண்டியைத் திருப்புங்கள். பாலாறும் செய்யாறும் பெருகினால் நம் பக்கத்தில் பல தரைப்பாலங்கள் மூழ்கும். ஏரிகள் நிரம்பிக் கலங்கல் பாய்ந்தால் உள்சாலைகளும் வெட்டுப்படும். முழங்கால் அளவுத் தண்ணீர்தானே என்று தோன்றும், அடியில் சாலை இருக்கிறதா என்பது தெரியாது. வண்டி தண்ணீரில் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறியிருந்தால் அந்த ஒரு முயற்சியிலேயே செலவு ஆயிரங்களில் போய் நிற்கும். தள்ளி ஓரம் கட்டிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கடற்கரையில்

24. அலை உடையாத இடம்தான் ஆபத்தான இடம். கரையில் நின்று ஐந்து நிமிடம் பாருங்கள். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்து, நடுவில் ஒரு பட்டை மட்டும் கலங்கலாக, அமைதியாக இருக்கும். தண்ணீர் கடலுக்குள் திரும்பிப் போகிற வாய்க்கால் அது. அமைதியாக இருக்கிறதே என்று பிள்ளைகள் அங்கேதான் இறங்குவார்கள். மழைக்காலத்தில் இந்த இழுவை பலமாக இருப்பதால் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் வேண்டாம். இழுபட்டவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால் களைத்துவிடுவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து இழுவையைவிட்டு வெளியே வந்தபின் திரும்ப வேண்டும். காப்பாற்ற நினைப்பவர் தானும் குதிக்காமல் கயிறு, காலி கேன், மரக்கட்டை என மிதக்கிற எதையாவது வீசிவிட்டு மீனவர்களைக் கூப்பிட வேண்டும். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093.

25. இடி கேட்டால் மணலில் நிற்காதீர்கள். திறந்தவெளியில் உயரமாக நிற்பது நீங்கள் மட்டும்தான். மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது எண்ணுவதற்குள் சத்தம் வந்துவிட்டால் உடனே கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் வெளியே வர வேண்டாம். பனைமரம், கட்டுமரம், குடை எதன் அடியிலும் ஒதுங்கக் கூடாது. மழை விட்டபின் பாறையேறுவதிலும் கவனம். வெண்ணெய் உருண்டைப் பாறைச் சரிவும், கடற்கரைக் கோயிலுக்குப் பக்கத்துக் கற்களும் பாசியில் வழுக்கும்.

26. மழை நாளுக்கென்று தனி நிகழ்ச்சி வையுங்கள். மாமல்லபுரம் 1984 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். அங்குள்ள குடைவரைகள் நல்ல மழை ஒதுங்கல். வராக மண்டபத்திலும் மகிஷாசுரமர்த்தினி மண்டபத்திலும் தூறல் நிற்கும்வரை உட்கார்ந்து சிற்பத்தை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். கோடையில் கூட்டம் முட்டுகிற இடத்தில் அன்றைக்கு நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள். கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதத்தையும் ஒரே சீட்டில் அன்றைக்கே பார்த்துவிடலாம், 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சீட்டு வேண்டாம். சிற்பப் பட்டறைகளின் கொட்டகையில் உளிச்சத்தம் மழைக்கும் நிற்காது; மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. குழந்தைகளுக்குச் சங்கு, சிப்பி அருங்காட்சியகம். முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய் விடுமுறை.

27. மீன் சாப்பிடுமுன் ‘இன்னைக்கு போட் கடலுக்குப் போச்சா?’ என்று கேளுங்கள். புயல் எச்சரிக்கை இருந்தால் மீனவர்கள் நாட்கணக்கில் கடலுக்குப் போக மாட்டார்கள். அந்த நாளில் ஓட்டலில் வறுபடுவது ஐஸ் பெட்டி மீன்தான். படகு கரையேறும் நாளில் குப்பத்துப் பக்கம் போனால் கூடையில் நேரடியாக வாங்கலாம். செவுளைத் தூக்கிப் பாருங்கள், ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். கண் குழிவிழாமல் தெளிவாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் சதை உடனே எழும்ப வேண்டும். சங்கரா, நெத்திலி, கடம்பா, நண்டு எதுவானாலும் விலை கேட்டதும் ‘என்னம்மா, இவ்ளோ சொல்றீங்க’ என்று ஆரம்பிக்கலாம். மழையில் நனைந்து விற்கிறவர்களிடம் அதிகம் இழுக்க வேண்டாம். சின்ன மெஸ்களில் சிலர் கூலி வாங்கிக்கொண்டு வறுத்தும் கொடுப்பார்கள்.

திரும்பிய பிறகும், போக முடியாவிட்டாலும்

28. போய் வந்தவர்கள் அன்றைக்கே வண்டியை நல்ல தண்ணீரில் அடிப்பாகம்வரை கழுவி, சங்கிலிக்கு எண்ணெய் விடுங்கள். கடல் உப்பு ஒரு வாரத்தில் துருவாகிவிடும். பெட்டியை மூடி வைக்காமல் திறந்தே காயவிட்டு, இரண்டு கற்பூரத் துண்டுகளும் காய்ந்த வேப்பிலையும் போட்டுவிடுங்கள். பயணம் ரத்தானவர்கள் அந்தப் பணத்தை வீட்டுச் செலவில் கரைய விடாமல் தனி உறையில் வைத்துவிட்டு, மழை விட்ட முதல் நாளில் வேடந்தாங்கலுக்குப் போகலாம். ஏரி நிரம்பினால்தான் அங்கே பறவைகள் வந்து கூடு கட்டும். நவம்பர் முதல் மார்ச் வரை அதற்குப் பருவம். உங்கள் பயணத்தைத் தள்ளிப்போட வைத்த மழைதான் அந்த ஏரியையும் நிரப்பியிருக்கும். கரிக்கிலியும் பக்கம்தான். காலையில் போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். கடலுக்கு எடுத்துவைத்த உறை அடுத்த பௌர்ணமிக்கு.